கன்னச் சிவப்பும் காற்றுத் தொட்டியும்

நல்ல கொலுப் பொம்மையின் கன்னத்தில் சிவப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. கண்ணுக்குக் கீழே மஞ்சள் கலந்த தோல் நிறம், கன்னமேட்டில் ரோஜாச் சிவப்பு, தாடையோரம் மறுபடி தோல் நிறம். நடுவில் எல்லை என்று ஒன்று கிடையாது. கிருஷ்ணனின் நீலமும் அப்படித்தான். கழுத்தடியில் கருநீலமாக இருப்பது மார்புக்கு வருவதற்குள் வெளிர்நீலமாகிவிடுகிறது. எங்கே மாறியது என்று கேட்டால் தீட்டியவருக்கே தெரியாது. இந்த மாற்றத்தைத் தூரிகையால் கொண்டுவரத் தெரிந்த பெரிய கைகள் நம்மிடம் உண்டு. அவர்கள் ஈர வண்ணத்தை ஈர வண்ணத்தோடு இழைத்து அதைச் சாதிப்பார்கள். ஏர் பிரஷ் வேறு வழியில் போகிறது. காய்ந்த பரப்பின் மேல், தனித்தனியாகக் கண்ணில் படாத சின்னப் புள்ளிகளைத் தூவித் தூவி, அடர்த்தியைக் கூட்டியும் குறைத்தும் நிறத்தை நகர்த்துகிறது. புள்ளிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் விழுந்தால்தான் அந்தக் கன்னம் கன்னமாக இருக்கும். ஒன்று மட்டும் பெரிதாக விழுந்தாலும் போதும், பார்க்கிறவர் கண் நேரே அங்கேதான் போகும்.

அந்தப் பெரிய புள்ளிக்குக் காரணம் பெரும்பாலும் கையில் இல்லை. கைக்கு இரண்டு மீட்டர் பின்னால், மேசைக்கடியில் உட்கார்ந்திருக்கும் கம்ப்ரஸரில் இருக்கிறது. ஏர் பிரஷ் வைத்திருப்பவர்கள் நீடில் எந்த நாட்டுச் சரக்கு, நாசில் 0.2 மில்லிமீட்டரா 0.3 மில்லிமீட்டரா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். கம்ப்ரஸரைப் பற்றிக் கேட்டால் "ஓடுது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. வண்ணத்தோடு சேர்ந்து பொம்மை மேல் வந்து மோதுவது காற்று. அது காய்ந்ததாக, சுத்தமாக, ஏற்ற இறக்கம் இல்லாததாக வரவேண்டும். அப்படி வராவிட்டால் எந்த நாட்டு நீடிலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு பொம்மையின் கன்னத்தைப் பார்த்தே அது தீட்டப்பட்ட இடத்துக் கம்ப்ரஸர் எப்படிப் பேணப்படுகிறது என்று சொல்லிவிடலாம்.

வண்ணத்தைக் காற்றால் தூவும் இந்த யோசனைக்கு வயது அதிகம். அமெரிக்காவில் 1876-இல் இத்தகைய தூவி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியவர் பிரான்சிஸ் எட்கர் ஸ்டான்லி. உருவப்படங்களுக்கு வண்ணம் ஏற்றும் வேலையில் இருந்தவர். அந்த ஸ்டான்லிதான் பிற்பாடு தன் இரட்டைச் சகோதரரோடு சேர்ந்து நீராவிக் கார் செய்து பெயர் வாங்கினார். அந்தக் கார்களின் கொதிகலனைச் சுற்றிப் பியானோக் கம்பியை இறுக்கிச் சுற்றி வலுவூட்டினார்கள். மெல்லிய வண்ணத் தூறலைத் தேடியவரும் அழுத்தம் தாங்கும் கலத்தைப் பற்றி அவ்வளவு யோசித்தவரும் ஒரே ஆள் என்பதில் எனக்கு வியப்பில்லை. இந்தக் கலை அந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

தமிழ்நாட்டில் பொம்மைக்குப் பேர்போன ஊர்கள் என்றால் பண்ருட்டி, கடலூர் வண்டிப்பாளையம், காஞ்சிபுரம், மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரி என்று சொல்லிக்கொண்டு போகலாம். திருச்சிக்குத் தென்மேற்கே, மணப்பாறையைத் தாண்டி இருக்கும் எங்கள் வையம்பட்டி அந்தப் பட்டியலில் வராது. ஆனால் பொழுதுபோக்காக ஏர் பிரஷ் பிடிக்கிறவருக்கு இந்த ஊரில் ஒரு வசதி உண்டு. காற்று எந்திரத்தைத் தெரிந்தவர்கள் நாலா பக்கமும் இருக்கிறார்கள். திருச்சி–திண்டுக்கல் நெடுஞ்சாலையில் பஞ்சர் கடைகள். வடமேற்கே கரூரில் பேருந்துக்கு பாடி கட்டி ஸ்பிரே அடிக்கும் பட்டறைகள். வடகிழக்கே பொன்மலையில் 1928-லிருந்து ரயில்வே பணிமனை. திருவெறும்பூர் பக்கம் 1965-லிருந்து உயர் அழுத்தக் கொதிகலன் செய்யும் பெல் ஆலை. கோயம்புத்தூரில் 1960-இல் தொடங்கிய எல்ஜி நிறுவனம் கம்ப்ரஸர் செய்தே உலகச் சந்தைக்குப் போனது. வீரப்பூர் பக்கத்துக் கோயில்களில் நிற்கும் பெரிய சுதைக் குதிரைகளைப் பார்த்து வளர்ந்த கண்ணும், வால்வு சத்தம் கேட்டு வளர்ந்த காதும் ஒரே ஆளிடம் இருக்க இங்கே வாய்ப்பு அதிகம்.

நெடுஞ்சாலை டீக்கடையில் காலையில் நின்றால் ஒரு காட்சி கிடைக்கும். லாரி டிரைவர் இறங்குவார், வண்டிக்கடியில் குனிந்து ஏர் டேங்கின் வளையத்தைப் பிடித்து இழுப்பார். சர்ரென்று காற்றோடு தண்ணீர் சிதறும்.

"தெனமும் வடிச்சு விடணுமாண்ணே?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"வடிக்காட்டி தண்ணி பிரேக்குக்குப் போயிரும் தம்பி. மொத வேலையே இதான்" என்றார்.

லாரிக்குச் சொன்னது ஏர் பிரஷ்ஷுக்கும் அப்படியே பொருந்தும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகம் போனால் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அன்றைக்கு ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் அதில் 21 கிராம் இருக்கிறது. அந்தக் காற்றைக் கம்ப்ரஸர் ஐந்தில் ஒரு பங்காக நெருக்குகிறது. அப்போது கேஜ் முள் 4 பாரில், அதாவது 58 பி.எஸ்.ஐ.யில் நிற்கும். நெருங்கிய காற்று அறை வெப்பத்துக்கு ஆறியதும் அந்தச் சின்ன இடத்தில் 6 கிராமுக்கு மேல் நீராவியாக நிற்க வழியில்லை. மீதி 15 கிராமும் தண்ணீராக இறங்கித்தான் தீரவேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றிழுக்கும் சின்னக் கம்ப்ரஸர் 50 நிமிடம் ஓடினால் ஒரு கன மீட்டர் ஆகிவிடும். மூன்று தேக்கரண்டித் தண்ணீர். ஒரே ஒரு சொட்டு நாசில் வரை வந்தால் ஒரு முகம் கெடும்.

"வண்ணமே தண்ணீரில் கரைவதுதானே, கொஞ்சம் தண்ணீர் கலந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. சிலைகளைக் கரைப்பது பற்றி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் திருத்திய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதற்குப் பிறகு விநாயகர் சிலைகளுக்கு நீரில் கரையும் வண்ணங்களின் பேச்சு கூடியிருப்பதால் இந்தக் கேள்வியும் கூடியிருக்கிறது. தொட்டித் தண்ணீர் வண்ணத்தோடு பக்குவமாகக் கலந்து வருவதில்லை. குழாயில் சேர்ந்து, ஒரு கட்டத்தில் மொத்தமாக வந்து துப்பும். இப்போதுதான் ஏற்றிய மெல்லிய பூச்சை அது கரைத்துக் கிளப்பிவிடும். எனாமலில் அதே சொட்டு கொப்புளமாகவோ வெள்ளைப் பூப்பாகவோ நிற்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்வது.

தண்ணீர் வடிப்பதில் ஒரு நேர்த்தி இருக்கிறது. வேலை முடிந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து, கேஜில் 10 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று மிஞ்சும்வரை விட்டுவிட்டு, அதன்பிறகு அடியிலிருக்கும் டிரெயின் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். தொட்டி நிறைந்த அழுத்தத்தில் திறந்தால் தண்ணீர் பனியாகச் சிதறி அறையெல்லாம் போகும். அழுத்தமே இல்லாமல் திறந்தால் பாதித் தண்ணீர் உள்ளேயே தங்கும். அந்த மிச்சக் காற்றுதான் அதைத் தள்ளிக் கொண்டுவருகிறது. வால்வுப் பக்கம் சற்றே சாய்த்துப் பிடிக்கலாம். கீழே ஒரு வெள்ளைக் கிண்ணம் வைத்துப் பிடிப்பது என் பழக்கம். எல்லாருக்கும் இதைச் சொல்லுவேன். எவ்வளவு தண்ணீர் என்பதைவிட அதன் நிறம் முக்கியம். தெளிவாக வந்தால் தொட்டி நலம். பால் போல வந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது, பிஸ்டன் ரிங்கைக் கவனிக்க வேண்டும். செம்மண் நிறத்தில் வந்தால் தொட்டியின் உட்சுவர் கரைந்துகொண்டிருக்கிறது. எந்திரத்தைப் பிரிக்காமலே அதன் வயிற்றுக்குள் இருப்பதை அந்தக் கிண்ணம் காட்டிவிடும். வடித்தபின் வால்வை மூடாமல் இரவு முழுக்கத் திறந்தே வைத்தால் உள்ளே ஈரம் உலரும்.

அடுத்தது காது. இந்த எந்திரத்தை நான் ரசிப்பதில் பாதி அதன் சத்தத்தில் இருக்கிறது. முள் மேலே ஏறும்போது ஒலி கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்கும். அழுத்தத்துக்கு எதிராக பிஸ்டன் தள்ளுவதைக் கேட்கலாம். வெட்டுப் புள்ளி வந்ததும் மோட்டார் நிற்கும், நின்ற அடுத்த கணம் "புஸ்" என்று ஒரு சிறு மூச்சு. பிஸ்டன் தலைக்கு மேல் மாட்டிக்கொண்ட காற்றை வெளியே விடுகிற மூச்சு அது. அது வெளியேறினால்தான் அடுத்த முறை மோட்டார் சுமையில்லாமல் கிளம்பும். "புஸ்" வராவிட்டால் அடுத்த தடவை மோட்டார் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நிற்கும். அப்படியே விட்டால் மோட்டாரின் காயில் கருகும். மாறாக, மோட்டார் நின்றபிறகும் அந்த மூச்சு வரும் சின்னக் குழாய் வழியாகக் காற்று சீறிக்கொண்டே இருந்தால், தொட்டிக் காற்றைப் பின்னோக்கி விடாத செக் வால்வில் தூசு உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். தொட்டியை முழுக்கக் காலி செய்துவிட்டு அதைக் கழற்றித் துடைத்தால் போதும், மெக்கானிக் வேண்டியதில்லை.

வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி இதற்கும் ஒரு நாடி உண்டு. காலித் தொட்டி நிறைந்து மோட்டார் நிற்க எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் அது. புதிதாக வாங்கிய அன்றே பார்த்து, தொட்டியின் மேல் மார்க்கரால் எழுதிவிடுங்கள். மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். நேரம் கூடிக்கொண்டே போனால் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது எங்கோ கசியும், அல்லது பிஸ்டனின் சீல் தேய்ந்திருக்கும். கசிவுக்குச் சோப்புத் தண்ணீரே போதும். மூட்டுகளில் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். டெஃப்லான் டேப்பை மரை சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும், முனையின் முதல் மரையை விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் டேப்பின் துணுக்கு பிய்ந்து காற்றோடு போய் ரெகுலேட்டரில் சிக்கும்.

எண்ணெய் விஷயத்தில்தான் நல்ல கம்ப்ரஸர்கள் அநியாயமாகச் சாகின்றன. பொழுதுபோக்குக்கு வரும் சின்ன எந்திரங்கள் பெரும்பாலும் எண்ணெயில்லா வகை. அவற்றின் பிஸ்டன் விளிம்பில் இருப்பது டெஃப்லான் கிண்ணம். அது உலர்ந்தே உராய வேண்டியது. அக்கறையோடு யாராவது அதில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் தூசு ஒட்டி, கிண்ணம் கிழியும். பஞ்சர் கடைகளில் இருக்கும் பெல்ட் வகைக்கு இதற்கு நேர்மாறு. அங்கே கண்ணாடிச் சில்லின் சிவப்புப் புள்ளி வரை எண்ணெய் நிற்க வேண்டும், அதற்குரிய கம்ப்ரஸர் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், கறுத்தால் மாற்ற வேண்டும். மூன்றாவது, ஓவியர்கள் சிலர் விரும்பும் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர். சத்தமே கேட்காது என்பதால் வீட்டில் குழந்தை தூங்கும்போதும் தீட்டலாம். எனக்கும் அதன்மேல் ஆசை உண்டு. ஆனால் அது தன் எண்ணெயைக் காற்றோடு சிறிது சிறிதாக அனுப்பிக்கொண்டே இருக்கும். எண்ணெய்த் துளி விழுந்த இடத்தில் வண்ணம் ஒட்டாமல் வட்டமாக விலகும். பட்டறைக்காரர்கள் அதை "ஃபிஷ் ஐ" என்பார்கள். எண்ணெய் வடிகட்டி இல்லாமல் அந்த எந்திரத்தைப் பொம்மை வேலைக்கு வைக்கக் கூடாது.

எங்கள் பக்கம் தனிக்கவனம் கேட்பது தூசு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் ஆடிக் காற்று கரூரையும் இந்தச் செம்மண் மேட்டையும் சேர்த்துப் புரட்டும். காற்றிழுக்கும் வாயில் இருக்கும் பஞ்சு ஃபில்டர் அந்த மாதத்தில் சீக்கிரமே சிவந்துவிடும். அதைக் கழற்றித் தட்டி, சோப்புத் தண்ணீரில் அலசி, முழுக்க உலர்த்தி மாட்ட வேண்டும். கம்ப்ரஸரைத் தரையில் வைக்காமல் ஒரு முழ உயரப் பலகையில் வைத்தால் பாதித் தூசு குறையும். இன்னொன்று, மின்சாரம். மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு எந்திரத்தைத் தூரத்துக்கு இழுத்துப் போகாதீர்கள். எந்திரத்தைப் பிளக் அருகிலேயே வைத்து, காற்றுக் குழாயை நீளமாக வாங்குங்கள்.

நீளக் குழாய்க்கு வேறொரு நன்மையும் உண்டு. கம்ப்ரஸரிலிருந்து வெளியே வரும் காற்று சூடானது. சூட்டில் நீர் ஆவியாகவே இருப்பதால் தொட்டியை ஒட்டி மாட்டிய வாட்டர் செப்பரேட்டரை அது சுலபமாகத் தாண்டிப் போய், வழியில் குளிர்ந்து, குழாய்க்குள் சொட்டாகிவிடும். கடையில் மாட்டிக் கொடுத்த இடத்திலேயே செப்பரேட்டரை நம்பியிருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் பொம்மை கெடுவது இதனால்தான். காற்று சில மீட்டர் பயணித்து ஆறியபின் செப்பரேட்டரைச் சந்திக்க வேண்டும். அதன் கிண்ணம் நேர்செங்குத்தாகத் தொங்க வேண்டும். கைப்பிடிக்குச் சற்று முன்னால் சின்னதாக இன்னொன்று மாட்டினால் இன்னும் நல்லது. ரெகுலேட்டரை வைப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விசையை அழுத்தாமல் முள்ளை 20-இல் வைத்தால், அழுத்திக் காற்று ஓடத் தொடங்கியதும் அது கீழே இறங்கிவிடும். ஆகவே விசையை அழுத்திப் பிடித்தபடியே, கீழிருந்து மேலாக ஏற்றி வைக்க வேண்டும். பொம்மை வேலைக்கு 15 முதல் 25 பி.எஸ்.ஐ. வரை போதும். மையைப்போல நீர்த்த வண்ணத்தால் புருவம் எழுத 10-ஏ போதும்.

இத்தனையும் சரியாக அமைந்த எந்திரத்தோடு உட்கார்ந்தால் கிடைக்கும் இன்பத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். நீடிலை மயிரிழை பின்னிழுத்து, பொம்மையிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் கையை நகர்த்தினால் கோடு ஒன்றுமில்லாததிலிருந்து பிறந்து, தடித்து, மறுபடி ஒன்றுமில்லாததில் முடிகிறது. தொட்டியில்லாத மலிவு எந்திரத்தில் பிஸ்டனின் ஒவ்வொரு அடியும் அந்தக் கோட்டில் மணி மணியாகத் தெரியும். மூன்று லிட்டர் தொட்டி நடுவில் இருந்தாலே அந்தத் துடிப்பு அடங்கி, கோடு ஒழுகி வரும். பிள்ளையாரின் காது மடலோரத்துக்கு ஒரே வீச்சில் இளஞ்சிவப்பு ஏற்றும்போது, ஐயனார் குதிரையின் புட்டத்தில் சாம்பல் புள்ளிகளை உதிர்க்கும்போது, காற்றைப் பற்றிய நினைப்பே வராது. கை வேலையை மட்டும் நினைக்கும்படி எந்திரம் விட்டுவிடுகிறதென்றால் அது நன்றாகப் பேணப்பட்ட எந்திரம்.

ஆவணியும் புரட்டாசியும் நெருங்கும்போது இந்தப் பேணுதல் இரட்டிப்பாக வேண்டும். விநாயகர் சதுர்த்தியும் நவராத்திரியும் அடுத்தடுத்து வரும். வேலை குவிகிற அதே நாட்களில்தான் சாயங்கால இடிமழையும் தொடங்கும், காற்றில் ஈரம் ஏறும். சித்திரை வெயிலில் ஒருநாள் விட்டு வடித்தாலும் தப்பித்துக்கொண்ட எந்திரத்துக்கு இப்போது வேலைக்கு நடுவிலேயே ஒருமுறை வடிக்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளி எந்திரத்துக்கும் நல்லது. எண்ணெயில்லா வகைகள் ஓய்வில்லாமல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தலையில் கை வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

கடைசியாகத் தொட்டியின் உயிரைப் பற்றி. அழுத்தக் கலங்களுக்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 31-ஆம் பிரிவில் விதி வகுத்தது; வடிவமைப்புக்கு 1969-இல் வந்த ஐ.எஸ். 2825 இருக்கிறது. வீட்டு மேசைக்கடியில் இருக்கும் மூன்று லிட்டர் தொட்டியைப் பார்க்க எந்த ஆய்வாளரும் வரமாட்டார். நீங்கள்தான் ஆய்வாளர். சேஃப்டி வால்வின் வளையத்தை மாதம் ஒருமுறை இழுத்து, காற்று வெளியேறுகிறதா, விட்டதும் மூடுகிறதா என்று பாருங்கள். திருவெறும்பூர்ப் பக்கம் கொதிகலன் வேலை தெரிந்த யாரையும் கேளுங்கள், அழுத்தக் கலத்தைத் தண்ணீர் நிரப்பித்தான் சோதிப்போம் என்பார்கள். தண்ணீர் நெருங்காது, ஆகையால் கலம் பிளந்தாலும் வெடித்துச் சிதறாது. நெருக்கிய காற்று அப்படியல்ல. கிண்ணத்தில் செம்மண் நிறம் தொடர்ந்து வந்தாலும், தொட்டியின் அடியில் ஊசிமுனை அளவு கசிவு தெரிந்தாலும், தெரிந்த பட்டறையில் கொடுத்து வெல்டிங் வைக்காதீர்கள், எம்-சீல் பூசாதீர்கள். பழைய கேஸ் சிலிண்டரையோ தீயணைப்பு உருளையையோ அதன் இடத்தில் பொருத்தாதீர்கள். அந்தத் தொட்டியில் துளை போட்டுப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, சோதித்த புதுத் தொட்டி வாங்கி மாட்டுங்கள்.